குறட்டையும் வாய்க்கு வராத மீன் பெயரும்

கேள்வி:

கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 56 வயது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பல வருடமாகவே பெரிய குறட்டை. இப்போது ஒரு வருடமாக அந்தக் குறட்டை நடுவில் திடீரென்று நின்றுவிடுகிறது. மூச்சும் இருக்காது. நான் இருட்டில் உட்கார்ந்து எண்ணுவேன். சில நாள் இருபத்தைந்து வரைக்கும் எண்ணியிருக்கிறேன். அப்புறம் பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பார். காலையில் கேட்டால் ‘நல்லாத்தானே தூங்கினேன்’ என்கிறார்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. நாலைந்து மாதமாக அவருக்குச் சொல் வாய்க்கு வருவதில்லை. எதற்கெடுத்தாலும் ‘அந்த இதை எடு’ என்கிறார். ஒரு நாள் வஞ்சிரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பெயர் வராமல் நின்றார். கேரள வியாபாரிகளோடு மலையாளம் சரளமாகப் பேசுவார், அதுவும் இப்போது தடுமாறுகிறது. ஆனால் ஏலம் போடும்போது மட்டும் ஒரு தடங்கலும் இல்லை, எண்ணெல்லாம் மளமளவென்று வருகிறது. இது என்ன, மறதி நோயா? மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். குறட்டை விடுகிறவர்களுக்கு மூளையில் பேச்சுப் பகுதி சுருங்கிவிடும் என்று என் தம்பி போனில் எதையோ படித்துக் காட்டினான். அவருக்குச் சின்ன வயதில் திக்குவாய் இருந்ததாம். மகள் வயிற்றுப் பேரனுக்கு நாலு வயது. அவனும் திக்குகிறான், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறான். எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தமா?

— கடலூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எத்தனை ராத்திரி அப்படித் தனியாக விழித்திருந்தீர்களோ. பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு எப்போது திரும்பும் என்று எண்ணிக்கொண்டிருப்பது சாதாரணம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவியது அந்த எண்ணிக்கைதான். தூக்கத்தில் மூச்சு 10 நொடி நின்றாலே மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் இருபத்தைந்து வரை எண்ணியிருக்கிறீர்கள். இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் மூச்சுத் தடை என்று சொல்லலாம்.

நான் பேச்சு, மொழி சிகிச்சை செய்கிறவள். புதுச்சேரியில் 20 வருடத்துக்கு மேலாக இதுதான் வேலை. சொல்லைத் தேடி என்னிடம் வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதல் கேள்வியே ‘ராத்திரி எப்படித் தூங்குகிறார்?’ என்பதுதான். கடிதத்தை வைத்துக்கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அவருடைய ராத்திரி மூச்சைச் சரிசெய்ய வழி பாருங்கள். மறதி நோயா என்ற கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சொல் அவரிடம் இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

தொண்டையிலிருந்து ஆரம்பிப்போம். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள வழிக்கு எலும்புச் சுவர் கிடையாது. தசைதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. தூங்கும்போது அந்தத் தசைகள் தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்பக்கம் சரியும். வழி குறுகினால் காற்று உரசி அதிர்கிறது, அதுதான் குறட்டை. வழி முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தமே இல்லை. நீங்கள் பயந்துபோய் எழுந்து உட்காரும் அந்த அமைதி அதுதான். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக முண்டிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மூளை பதறிப்போய் ஒரு சில நொடி விழிக்கும். தசைகள் இறுகும், வழி திறக்கும், அந்தப் பெரிய சத்தம் வரும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

அந்த விழிப்பு அவருக்கு நினைவிருக்காது. அதனால் ‘நல்லாத்தானே தூங்கினேன்’ என்று அவர் சொல்வது பொய் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது பெரிதும் குறைகிறது என்று பரிசோதனையில் எண்ணுவார்கள். 5க்கு மேல் இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம், 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ராத்திரி முழுக்க யாரோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் மறுநாள் நாம் எப்படி இருப்போம்? நம் ஊரில் குறட்டை விட்டால் ‘அடித்துப்போட்ட மாதிரி தூங்குறார்’ என்கிறோம். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர் எதிர்.

இங்கே என் தொழிலுக்கு மிகவும் நெருக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. மற்ற பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் மனிதனுக்குக் குரல்வளை கழுத்தில் கீழே இறங்கியிருக்கிறது. நாக்கின் பின்பாதியும் தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. இவ்வளவு விதமான ஒலிகளை நம்மால் எழுப்ப முடிவதற்கு அந்த நீண்ட, மெத்தென்ற குழாயும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். டெரன்ஸ் டேவிட்சன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் 2003இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பேசுவதற்காகக் கிடைத்த அதே தொண்டை அமைப்புதான் தூக்கத்தில் அடைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது என்றார். இது ஒரு கருதுகோள்தான். ஆனாலும் நாக்கையும் தொண்டையையும் தினமும் தொட்டு வேலை செய்கிற எனக்கு, பேச்சும் மூச்சும் ஒரே சந்து வழியாகத்தான் போகின்றன என்பது கண்ணால் பார்க்கிற உண்மை.

சரி, வஞ்சிரத்துக்கு வருவோம்.

ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல ஆரோக்கியமான மூளைக்கு ஏறக்குறைய 0.6 நொடி போதும். அதற்குள் பல வேலை நடந்து முடிந்துவிடுகிறது. கண் பார்த்ததை மூளை இன்னதென்று அடையாளம் காண வேண்டும். இது மீன், இந்த நிறம், இந்த வால், இவ்வளவு விலை போகும் என்ற அறிவு எழ வேண்டும். அப்புறம் அந்த அறிவுக்குரிய சொல் எழ வேண்டும். சங்கரா, பாறை, வாளை என்று பக்கத்தில் எழும் பெயர்களையெல்லாம் விலக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘வஞ்சிரம்’ என்ற ஒலிகள் வரிசையாக அடுக்கப்பட வேண்டும். கடைசியில் உதடும் நாக்கும் அசைய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இவை மூளையின் இடப்பக்கத்தில் நடக்கின்றன. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள பொட்டுப் பகுதிக்கு உட்புறமும் அதற்கு முன்னால் நெற்றிப் பக்கமும்தான் இதில் முக்கியம். தேர்ந்தெடுப்பது, விலக்குவது, கவனத்தைப் பிடித்து வைப்பது எல்லாம் நெற்றிப் பக்க மூளையின் பொறுப்பு. தூக்கம் கெட்டால் முதலில் மந்தமாகிற இடங்களில் அதுவும் ஒன்று. நன்றாகத் தூங்கும் நாமே ஒரு கல்யாண வீட்டு ராத்திரிக்கு மறுநாள் தெரிந்தவர் பெயர் வாய்க்கு வராமல் முழிக்கிறோம். அவருக்கு ஒவ்வொரு நாளும் அந்த மறுநாள்தான்.

அப்படியானால் ஏலம் மட்டும் எப்படித் தடையில்லாமல் வருகிறது? இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இப்படிக் கூர்ந்து கவனித்துச் சொல்கிறவர்கள் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் இரண்டு வகைப் பேச்சைப் பிரித்துக் காட்டினார். அந்தந்த நேரத்தில் யோசித்துச் சொல்லைக் கோக்கிற பேச்சு ஒன்று. ஆயிரம் முறை சொல்லிச் சொல்லிப் பழகித் தானாக ஓடுகிற பேச்சு இன்னொன்று. எண் வரிசை, கிழமைப் பெயர்கள், பிரார்த்தனை, வசவு எல்லாம் இரண்டாவது வகை. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர வேறு பேச்சே வராது. ஆனால் கோபம் வந்தால் ஒரு திட்டு மட்டும் முழுசாக வந்துவிடுமாம். பக்கவாதம் வந்து மனைவி பெயரைச் சொல்ல முடியாமல் அழுகிறவர், ஒன்று இரண்டு மூன்று என்று நான் தொடங்கி வைத்தால் இருபது வரை நிற்காமல் எண்ணிவிடுவார். பக்கத்தில் நிற்கும் மகளுக்கு ஒன்றும் புரியாது.

உங்கள் வீட்டுக்காரர் ஏலம் விடுவதும் அப்படித்தான். ‘ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு’ என்று முப்பது வருடம் ஓடிய பாதை அது. அதற்கு நெற்றிப் பக்க மூளையின் தயவு அவ்வளவாக வேண்டாம். வீட்டில் சும்மா நிற்கும்போது ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குத்தான் அது வேண்டும். அதனால் ஏலம் நன்றாக வருகிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பெயர் வரவில்லை என்பதை மட்டும் வைத்து இடிந்துபோகவும் வேண்டாம்.

மலையாளம் தடுமாறுவதும் இதோடு பொருந்துகிறது. கானாங்கெளுத்தியைப் பார்த்ததும் தமிழ்ப் பெயர்தான் முதலில் முண்டியடித்துக்கொண்டு வரும். அதை அடக்கி வைத்துவிட்டு ‘அயிலை’ என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். வஞ்சிரத்தை விலக்கி ‘நெய்மீன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு மொழி பேசுகிறவருக்கு இந்த அடக்குகிற வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. களைப்பு முதலில் அங்கேதான் தெரியும். இரண்டு மொழி பேசுவதால் மூளை களைத்துக் கெட்டுவிடும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு அந்த நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. கடல்கரையில் காதால் கேட்டே கற்ற மலையாளம் அவருக்கு ஒரு சொத்து. விடாமல் பேசட்டும்.

வீட்டிலேயே நீங்கள் ஒன்று செய்து பார்க்கலாம். அவருக்குப் பெயர் வராமல் நிற்கும்போது உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ‘அது எப்படி இருக்கும், எவ்வளவு போகும், யார் படகில் வந்தது’ என்று கேளுங்கள். எல்லாம் சொல்லிவிட்டுப் பெயர் மட்டும்தான் வரவில்லை என்றால், மீனைப் பற்றிய அறிவு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ‘வஞ்…’ என்று முதல் ஒலியை மட்டும் கொடுங்கள். சட்டென்று வந்துவிட்டால் சொல்லும் உள்ளேதான் இருக்கிறது. எந்த நேரத்தில் அதிகம் தடுமாறுகிறார் என்றும் குறித்து வையுங்கள். நன்றாகத் தூங்கிய நாளில் குறைந்து, தூங்காத நாளில் கூடினால் அது தூக்கத்தைக் கைகாட்டுகிறது. மாறாக, ‘வஞ்சிரமா, அப்படின்னா என்ன?’ என்று அவர் திருப்பிக் கேட்டாலோ, நீங்கள் சொல்வது புரியாமல் விழித்தாலோ, தப்பான சொல்லைச் சொல்லிவிட்டுத் தப்பு என்றே தெரியாமல் இருந்தாலோ தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இது வீட்டில் கவனிப்பதற்கான வழி மட்டும்தான், பரிசோதனைக்கு மாற்று இல்லை.

உங்கள் தம்பி படித்தது எதுவென்று எனக்கு ஊகம் இருக்கிறது. 2002இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் மேசி, ரொனால்ட் ஹார்ப்பர் முதலானவர்கள் ஸ்லீப் ஆப்னியா உள்ள 21 பேரையும் இல்லாத 21 பேரையும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். நோய் உள்ளவர்களுக்கு மூளையின் சாம்பல் நிறப் பகுதி, அதாவது நரம்பு செல்கள் நிறைந்த பகுதி, பல இடங்களில் குறைவாக இருந்தது. சில இடங்களில் ஒரு பக்கம் மட்டுமே குறைந்திருந்தது, அதில் பேச்சோடு தொடர்புள்ள இடங்களும் இருந்தன. இன்னொன்றும் சொன்னார்கள். அந்த நோயாளிகளில் 38 சதவீதம் பேர் சின்ன வயதில் தங்களுக்குத் திக்குவாயோ வேறு பேச்சுக் குறையோ இருந்ததாகச் சொன்னார்களாம். நாக்கையும் தொண்டையையும் ஆட்டிவைக்கிற மூளைப் பகுதி சின்ன வயதிலேயே கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருந்தால், அன்றைக்குப் பேச்சும் பிற்பாடு தூக்கத்தில் மூச்சும் தடைபடலாமோ என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

நல்ல கேள்விதான், எனக்கும் பிடித்த கேள்வி. ஆனால் 21 பேர் என்பதை மறக்கக்கூடாது. சின்ன வயதில் திக்கியது என்பது அவர்களே நினைவிலிருந்து சொன்னது. 2005இல் ஆஸ்திரேலியாவில் கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில் அப்படிப்பட்ட குறைவு எதுவும் கண்ணில் படவில்லை. மிலான் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டது எனக்கு நம்பிக்கை தருகிறது. அவர்கள் 17 நோயாளிகளிடம் சாம்பல் நிறப் பகுதியில் குறைவு இருப்பதையும் நினைவாற்றலும் கவனமும் மங்கியிருப்பதையும் பார்த்தார்கள். 3 மாத சிகிச்சைக்குப் பிறகு இரண்டும் மேம்பட்டன. இதுவும் சின்ன ஆய்வுதான். ஆனாலும் ‘சுருங்கினால் சுருங்கினதுதான்’ என்று தம்பி நினைத்திருந்தால் அது சரியில்லை என்றாவது இதைக் காட்டலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த ஆய்வுகளில் வருவதெல்லாம் ஒரு கூட்டத்தின் சராசரி. உங்கள் வீட்டுக்காரர் ஒருவருடைய படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ‘இது குறட்டையால் சுருங்கியது’ என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த சுருக்கத்தைத் தேடிக் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க வேண்டாம். மருத்துவர் நேரில் பரிசோதித்துவிட்டு, சின்னப் பக்கவாதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் அது வேறு விஷயம், அப்போது எடுங்கள்.

ராத்திரியைப் பற்றி முதலில் கேட்பேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. பல வருடத்துக்கு முன்னால் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. படத்தைக் காட்டி ‘இது என்ன சார்?’ என்று கேட்பேன், பதில் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். முந்தின நாள் வந்த சொல் மறுநாள் இருக்காது. அவருக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்து அவர் மனைவியிடம் ஒரு நாள் கடுமையாகவே பேசிவிட்டேன். அந்த அம்மா தயங்கித் தயங்கி, ‘ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருதும்மா, அதனால அசதியா இருக்குமோ?’ என்றார். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கும் என்று நான் படித்ததுதான், ஆனால் என் எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் அதைப் பார்க்கவில்லை. பரிசோதனை செய்து சிகிச்சை தொடங்கியபின் அவர் என் எதிரில் விழித்து உட்கார்ந்தார். பேச்சு முழுக்கத் திரும்பவில்லை. ஆனால் இன்று கற்ற சொல் நாளைக்கும் இருந்தது. புதிதாகக் கற்ற சொல் பழைய சொற்களோடு கலந்து நிலைப்பதற்கே ஒரு தூக்கம் வேண்டும் என்பதைப் பிரிட்டனில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆசிரியர் விஷயத்தில் நான் இழந்த இரண்டு மாதம் இன்னும் மனதை உறுத்துகிறது.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? இன்று ராத்திரி அவர் மூச்சு நிற்கும்போது போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்கிறவரைச் சம்மதிக்க வைக்கவும் அது உதவும், மருத்துவருக்கும் ஆயிரம் வார்த்தையை மிச்சப்படுத்தும். தையல் டேப்பால் கழுத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மருத்துவர் கவனிப்பார். ஆள் குண்டாக இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். நம்மைப் போன்ற ஆசிய முகத் தாடை அமைப்புக்கு அதிக எடை இல்லாமலேயே இது வரும். ரத்த அழுத்தம் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் குறட்டையும் கூடும், மூளையும் மந்தமாகும். பி12 குறைந்தாலும் நினைவு தடுமாறும். இரண்டும் மருந்தில் சரியாகிறவை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போங்கள். கடலூரிலேயே ஆரம்பிக்கலாம். தேவைப்பட்டால் கோரிமேடு ஜிப்மருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனை என்றால் ஊசி, வலி எதுவும் இல்லை. தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, மூக்கடியில் ஒரு குழாயும் விரலில் ஒரு கிளிப்பும் மாட்டித் தூங்க விடுவார்கள். வீட்டிலேயே செய்கிற சின்னக் கருவியும் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது அவர் எந்த நேரத்துக்குத் தூங்கி எந்த நேரத்துக்கு எழுகிறவர் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று மணிக்கே எழுகிறவருக்கு அதற்குத் தகுந்தபடி தொடங்க வேண்டும்.

நோய் உறுதியானால் பெரும்பாலும் சி-பேப் என்ற மெஷினைச் சொல்வார்கள். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் இதை உலகுக்குச் சொல்லும் வரைக்கும் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. முதல் இரண்டு வாரம் அவர் முகமூடியைப் பிடுங்கிப் போடுவார். விட்டுவிடாதீர்கள். பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பதினைந்து நிமிடம் மாட்டிப் பழகச் சொல்லுங்கள். பெரிய மீசை இருந்தால் காற்று கசியும், அதற்குத் தகுந்த முகமூடி கேட்டு வாங்குங்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து நம் இரண்டு ஊரும் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். மழைக்காலத்துக்கு முன்பே இன்வெர்ட்டருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மெஷின் வந்த மறுநாளே சொல்லெல்லாம் திரும்பிவிடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 6 மாதம் நடத்திய பெரிய ஆய்வு 2012இல் வந்தது. உண்மையான மெஷினையும் அழுத்தம் இல்லாத போலி மெஷினையும் ஒப்பிட்டார்கள். பகல் தூக்கம் நன்றாகவே குறைந்தது. ஆனால் நினைவு, கவனம் பற்றிய சோதனைகளில் 6 மாத முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருவருக்கு மிகவும் உதவும், இன்னொருவருக்குக் கொஞ்சம் உதவும். இருந்தாலும் இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், மூச்சுத் தடை ரத்த அழுத்தத்தோடும் பக்கவாதத்தோடும் பின்னிக் கிடக்கிறது என்பதும், விடியற்காலை மூன்றரை மணிக்கு அவர் இருசக்கர வண்டியில் தனியாகப் போகிறார் என்பதும்தான். வண்டி ஓட்டும்போது ஒரு தடவையாவது கண் சொக்கியிருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால் சிகிச்சை தொடங்கும் வரைக்கும் வேறு யாராவது ஏற்றிக்கொண்டு போகட்டும். இதில் சமாதானமே வேண்டாம்.

அலுப்புக்காக ராத்திரி குடிக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குடி தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை விழித்துக் காப்பாற்றுவதையும் தாமதமாக்கும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கொடுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கட்டும். பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து ரப்பர் பந்தைப் போட்டுவிட்டால் மல்லாந்து திரும்ப முடியாது. நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி உண்டு. 2009இல் பிரேசிலில் பேச்சுச் சிகிச்சையாளர் காட்டியா கிமாரயஸ் குழுவினர் நடுத்தர அளவு நோய் உள்ள 31 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 3 மாதம் தினமும் பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சு நிற்கும் எண்ணிக்கை மணிக்கு 22 என்ற அளவிலிருந்து 14க்குக் குறைந்தது. இது துணைச் சிகிச்சை, மெஷினுக்குப் பதில் இல்லை. பரிசோதனை முடிவோடு வந்தால் நானே அவருக்குச் சொல்லித் தருகிறேன்.

திடீரென்று ஒரு நாள் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் தொங்கினாலோ இந்தக் கடிதத்தையெல்லாம் மறந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

பேரன் விஷயம். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். ஆனால் ஆண் பிள்ளை, குடும்பத்தில் தாத்தாவுக்கு இருந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சும்மா காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலாகத் திக்கினால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். ‘மெதுவாப் பேசு, திருப்பிச் சொல்லு’ என்று அவனைத் திருத்தாதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவன் முடிக்கும் வரைக்கும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வாயைத் திறந்து தூங்குவதும் குறட்டையும் தனிக் கணக்கு. அந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் உள்ள சதையும் டான்சிலும் வீங்கியிருப்பதுதான் காரணம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கட்டும், காது கேட்கும் திறனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவும் பேரனும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள் என்று இப்போதே முடிவு கட்டி மகளைப் பயமுறுத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. அவர் ஏலம் முடிந்து வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் இளைப்பாறியபின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை மீன் பெயர் சொல்ல முடியும் என்று கேளுங்கள். நெத்திலி, கவலை, திருக்கை, சுறா என்று எது வந்தாலும் சரி, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றாக எண்ணுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில், அதே மாதிரி இன்னொரு தடவை எண்ணுங்கள். இரண்டு தாளையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், புதுச்சேரி